மரம் ஏறிச் சும்மா உட்கார்ந்திருக்க: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, தாமிரபரணிக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் எங்கள் சித்தப்பாவின் தோப்பு இருக்கிறது. ஆறு மா, இரண்டு புளி, கரையோரம் ஒரு பெரிய மருதம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கூடி மரம் ஏறுகிறோம். காய் பறிக்கவோ கிளை வெட்டவோ அல்ல. ஏறி, கிளையில் உட்கார்ந்திருந்து, பிறகு இறங்குவோம். பார்த்தவர்களும் கேள்விப்பட்டவர்களும் கேட்டவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

மரம் ஏறுவது ஒரு பொழுதுபோக்கா? சின்னப் பிள்ளைகள் செய்கிற காரியம் அல்லவா?

சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் செய்ததுதான். குரங்கு விளையாட்டு என்று ஒன்று உண்டு. ஒரு வட்டம் போட்டு, காலுக்கு அடியில் கையைக் கொடுத்து ஒரு கம்பைத் தூர எறிவார்கள். பிடிக்கிறவன் ஓடிப்போய் அதை எடுத்து வட்டத்தில் கொண்டுவந்து வைப்பதற்குள் மற்றவர்கள் எல்லாம் மரத்தில் ஏறிவிட வேண்டும். அப்புறம் கிளைக்குக் கிளை தாவல்தான்.

அது ஒரு வயதோடு நின்றுபோகிறது. பெண்பிள்ளைகளை வயதுக்கு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். பையன்களுக்குப் படிப்பு, வேலை. அதன்பின் யாராவது மரம் ஏறினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்: மாங்காய் பறிக்க, புளி உலுக்க, ஆட்டுக்குக் குழை ஒடிக்க, தேங்காய் வெட்ட. மரத்தில் ஏறினால் எதையாவது எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்று ஆகிவிட்டது. நாங்கள் விட்டுப்போன அந்தச் சும்மா ஏறுதலைத் திரும்ப எடுத்திருக்கிறோம். முப்பத்தெட்டு வயதில் மறுபடி தொடங்கினேன். பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை என்று இப்போது நினைக்கிறேன்.

இது எங்கிருந்து வந்தது?

மரம் ஏறும் ஆசை யாருக்கும் எங்கிருந்தும் வர வேண்டியதில்லை. ஆனால் கயிறும் இடுப்புப் பட்டையும் கொண்டு, பாதுகாப்பு விதிகளோடு, பொழுதுபோக்காகப் பழகும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் பீட்டர் ஜென்கின்ஸ் என்பவர் 1983-ல் மரமேறிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். அவர் பாறை ஏறிப் பழகியவர், மரங்களைப் பராமரிக்கும் தொழில் செய்தவர். அங்கிருந்து இந்தப் பழக்கம் ஜப்பான் உட்படப் பல நாடுகளுக்குப் போனது.

இன்னொரு பக்கம் விஞ்ஞானிகள். காட்டு மரங்களின் உச்சியில் என்ன நடக்கிறது என்று தரையில் நின்று தெரிந்துகொள்ள முடியாது. நளினி நட்கர்னி, மெக் லோமன் போன்றவர்கள் மலையேற்றக் கயிறுகளைக் கொண்டு உச்சிக்கே போய் ஆராய்ந்தார்கள். நம் பக்கத்திலும் அப்படி நடந்தது, பலருக்குத் தெரியாது. மாஞ்சோலைக்கு மேலே கக்காச்சிச் சோலையில் 'ஏட்ரீ' என்ற சூழலியல் ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்த டி. கணேஷ், சௌபத்ரா தேவி ஆகியோர் கயிற்றில் ஏறி ஆண்டுக்கணக்கில் உச்சிக் கிளைகளைக் கவனித்தார்கள். அங்கே வெடிப்பலா என்று ஒரு மரம். பலா போல முள் முள்ளாய்க் காய்க்கும், பூ கிளையோடு ஒட்டிக் கொத்தாக வரும். அந்தப் பூவைத் தின்ன சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலை அணில், வௌவால் எல்லாம் வருகின்றன. பூச்சிகளை நம்பாமல் இந்தப் பாலூட்டிகளின் மூலம் அது மகரந்தச் சேர்க்கை செய்துகொள்கிறது என்பது மேலே ஏறிப் பார்த்ததால் தெளிந்த விஷயம். நம் மலையில், நம் தலைக்கு மேலே நடந்துகொண்டிருந்த காரியம் அது.

பனையேறிகள் தலைமுறை தலைமுறையாக ஏறுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்று அல்ல. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

என் தாய்மாமா திசையன்விளைப் பக்கம் பனையேறியாக இருந்தவர். பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் பதநீர்க் காலம். விடியுமுன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒவ்வொரு மரமாக ஏறி இறங்க வேண்டும். பாளையைச் சீவிவிட்டுக் கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால்தான் பதநீர் புளிக்காமல் இருக்கும். சீவாமல் விட்டால் பாளை வற்றிவிடும். ஆகவே காய்ச்சல், நல்லநாள், துட்டிவீடு எதுவானாலும் ஏறியே ஆக வேண்டும். காலில் தளைநார், இடுப்பில் அருவாள்பெட்டி, அதற்குள் பாளை அருவாள். மற்றபடி மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறுவதுதான். மாமாவின் நெஞ்சும் கையின் உள்பக்கமும் பனஞ்சிறாம்பு போலக் காய்த்திருக்கும். கருக்கு மட்டை கிழித்த கோடுகள் தோளில் இருக்கும்.

அது உழைப்பு. விழுந்து செத்தவர்களின், இடுப்பு ஒடிந்து படுத்தவர்களின் குடும்பங்கள் தேரிக்காட்டு ஊர்களில் இன்னும் இருக்கின்றன. நாங்கள் வாரக்கடைசியில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஏறுவதை அதன் பக்கத்தில் வைத்துப் பேசுவது சரியில்லை.

ஆனால் மாமாவிடம் கற்றுக்கொள்ள எனக்கு நிறைய இருந்தது. ஏறுமுன் மரத்தைத் தொட்டுக் கும்பிடுவார். அந்த ஒரு நொடியில் அடி முதல் நுனி வரை கண்ணால் பார்த்துவிடுவார். நான் சின்னப் பிள்ளையாக மாமரத்தில் ஏற நின்றபோது அவர் சொன்னதுதான் இன்றைக்கும் எங்கள் முதல் விதி: "ஏட்டி, ஏறுறதுக்கு முன்னால இறங்குற வழியப் பாரு."

அப்படியானால் பனை, தென்னையில் ஏறிப் பழகலாமா?

வேண்டாம். கிளை கிடையாது, நடுவில் உட்கார இடம் கிடையாது, கயிற்றைப் போட்டு நம்பக் கொம்பு கிடையாது. மட்டைக்குள் தேள், பாம்பு, குளவி எது வேண்டுமானாலும் இருக்கலாம். இன்னொரு விஷயம்: மா, புளி போன்ற மரங்களில் பட்டைக்கு அடியில் வளரும் அடுக்கு ஒன்று உண்டு, காயத்தை அது மூடிக்கொண்டு வரும். பனைக்கும் தென்னைக்கும் அந்த அடுக்கு இல்லை. தண்டில் பட்ட வெட்டு கடைசி வரை வெட்டாகவே இருக்கும். தென்னையில் காயம் இருந்தால் சிவப்புக் கூன்வண்டு அந்த வழியாக உள்ளே போகும். ஏறத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

எந்த மரத்தில் ஏறலாம்?

தொடங்குகிறவர்களுக்கு மா. தாழ்ந்து கவடு விட்டிருக்கும், கிளை அகலம், நிழல். அதன் பால் பட்டால் சிலருக்குத் தோல் பொத்துவிடும், காம்புப் பக்கம் கவனம்.

புளி எனக்கு மிகப் பிடித்த மரம். "புளியங்கொம்பாய்ப் பிடித்துவிட்டான்" என்று சும்மா சொல்லவில்லை. கட்டைவிரல் கனத்துக் கொம்புகூட வளையுமே தவிர லேசில் ஒடியாது. ஆனாலும் அதை நம்பி மெல்லிய கொம்பில் முழு எடையையும் வைக்காதீர்கள்.

வேம்பு பரவாயில்லை, காய்ந்த குச்சிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இலுப்பை உறுதியானது, ஆனால் எங்கள் பக்கம் பெரும்பாலும் கோயில் நிலத்தில்தான் நிற்கிறது. மருதம் அழகான மரம். பட்டை வழுவழுவென்று சட்டை உரித்தாற்போல் இருக்கும், முதல் கிளையே இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே. கயிறில்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

ஏறக்கூடாதவை: முருங்கை, பப்பாளி, அகத்தி, கல்யாண முருங்கை, வாகை, மே மாதத்தில் சிவப்பாய்ப் பூக்கும் மயில்கொன்றை, தூங்குமூஞ்சி. ஒன்பது வயதில் ஆச்சி வீட்டுப் பின்வாசல் முருங்கையிலிருந்து விழுந்து நான் இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். முறியும்போது சத்தம்கூட வரவில்லை, அவ்வளவு மென்மையான மரம். நாவல் பார்க்க உறுதியாகத் தெரியும், ஆனால் மொறுமொறுவென்று ஒடியும். பழக் காலத்தில் விழுகிறவர்கள் பாதிப்பேர் நாவலில் விழுந்தவர்கள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து உடைமரம் குடை விரித்தாற்போல் இருக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். விரல் நீளத்து வெள்ளை முள் உங்களைத் தள்ளியே நிற்க வைத்துவிடும்.

ஏறுமுன் மரத்தில் என்னென்ன பார்க்க வேண்டும்?

தூரத்தில் இருந்து தொடங்குங்கள். இருபது அடி தள்ளி நின்று ஒரு சுற்று. மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா, உச்சி காய்ந்திருக்கிறதா, மின்கம்பி பக்கத்தில் போகிறதா? ஈபி லைன் கிளையைத் தொட்டாலோ, தொடுகிற மாதிரி போனாலோ அந்த மரம் நமக்கு இல்லை. பச்சை மரத்தில் மின்சாரம் பாயும். இதில் பேச்சுக்கே இடம் கிடையாது.

அப்புறம் அடிமரம். வேர் பிடித்திருக்கும் மண்ணைப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் தாமிரபரணி கரை புரண்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் வடிந்தபின் எங்கள் கரையில் பல மரங்கள் மேலே பச்சையாகவும் அடியில் பாதி வேர் அந்தரத்திலும் நின்றன. எங்கள் மருதத்தின் ஆற்றுப்பக்க மண்ணும் போயிருந்தது. ஒரு வருடம் அதில் நாங்கள் ஏறவில்லை. அடியில் காளான் முளைத்திருந்தால் உள்ளே உளுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். தண்டைக் கட்டையால் தட்டிப் பாருங்கள், பானை போல ஒலித்தால் விட்டுவிடுங்கள்.

கடைசியில் கவடு. இரண்டு கிளை பிரியும் இடம் அகலமாக வளைந்திருந்தால் நல்லது. இரண்டும் நெருங்கி, நடுவில் பட்டை உள்ளே சொருகிக்கொண்டு குறுகலாக இருந்தால் அந்த இடம் பிளக்கும். இலை இல்லாத கிளை, பட்டை உரிந்த கிளை எதையும் பிடிக்காதீர்கள். ஒடிந்து மேலே தொங்கிக்கொண்டிருக்கும் கிளை இருந்தால் அதன் அடியில் நிற்கவும் கூடாது.

கயிறு இல்லாமல் ஏறலாமா?

தாழ்ந்த மாமரத்தில், தரையிலிருந்து உங்கள் தலை உயரத்துக்குள், ஏறலாம். எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் மரத்தில் இருக்க வேண்டும். காலைக் கிளையின் நடுவில் வைக்காமல் அது தண்டோடு சேருமிடத்தில் வையுங்கள். ஈரக் காலோடு ஏறாதீர்கள். அதற்கு மேலே போக வேண்டுமென்றால் கயிறு வேண்டும். உயரம் ஏற ஏற தைரியம் கூடுகிறது, அதுதான் ஆபத்து.

கயிற்றில் எப்படி ஏறுவது? அதற்கு உடம்பில் பலம் வேண்டாமா?

நினைக்கிற அளவு வேண்டாம். முதலில் மெல்லிய நூல்கயிற்றின் நுனியில் கனமான சின்னப் பை ஒன்றைக் கட்டி, நல்ல கிளைக்கு மேலாக எறிய வேண்டும். மாங்காய்க்குக் கல்லெறிந்தவர்களுக்கு இது சீக்கிரம் வந்துவிடும். அந்த நூலில் பெரிய கயிற்றைக் கட்டி இழுத்தால், கயிறு கிளையைச் சுற்றி இரண்டு பக்கமும் தரை வரை தொங்கும். ஒரு நுனி உங்கள் இடுப்புப் பட்டையில். அந்த நுனியோடு இருக்கும் சிறு கயிறு, மறுபக்கக் கயிற்றில் ஒரு பிடிமுடிச்சாகச் சுற்றியிருக்கும். எடை விழுந்தால் அது இறுகும், எடையை எடுத்தால் தளர்ந்து நகரும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த மலையேறி கார்ல் புரூசிக் 1931-ல் வெளியிட்ட முடிச்சும் இந்த வகைதான்.

இழுப்பது, முடிச்சை மேலே நகர்த்துவது, உட்கார்ந்து ஓய்வெடுப்பது. இதுதான் முழு வேலையும். கயிறு கிளையைச் சுற்றி வருவதால் கிணற்றுக் கப்பி மாதிரி வேலை செய்து, உங்கள் எடையில் ஏறக்குறைய பாதியைத்தான் கை தூக்குகிறது, உரசலுக்குக் கொஞ்சம் போக. எங்களோடு வரும் அறுபத்திரண்டு வயது ஓய்வுபெற்ற டீச்சர் இப்படித்தான் இருபத்தைந்து அடி ஏறுகிறார்கள், நடுவில் நான்கு தடவை உட்கார்ந்து.

கயிறு போடும் கிளை உயிருள்ளதாகவும் குறைந்தது 15 செ.மீ. பருமனாகவும் இருக்க வேண்டும். கயிறு தண்டுக்கு நெருக்கமாக விழ வேண்டும். யாரும் ஏறுமுன் இரண்டு பேர் சேர்ந்து தரையில் இருந்தபடியே தொங்கி அசைத்துப் பார்க்க வேண்டும். தனியாக ஒருபோதும் ஏறக்கூடாது. இடுப்புப் பட்டையில் அசையாமல் தொங்க நேர்ந்தால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும், கீழே இறக்க ஆள் வேண்டும்.

முடிச்சைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. பாறையேற்றமோ மரப் பராமரிப்போ முறையாகப் பழகியவரிடம், தரைக்கு இரண்டடி மேலே தொங்கியபடி, பல நாள் கற்க வேண்டும்.

ஹார்டுவேர் கடைக் கயிறு போதாதா?

போதாது. நானே அந்தத் தவறைச் செய்தேன். தொடக்கத்தில் ஒரு கடையில் நல்ல கனமான நைலான் கயிறு என்று வாங்கி வந்தோம். இறங்கும்போது முடிச்சு ஓடிய இடத்தில் கயிறு சூடேறி, உருகி, கண்ணாடி போலப் பளபளத்துவிட்டது. ஆறடி உயரத்தில் நடந்ததால் தப்பித்தோம். அன்றைக்கே அதை வெட்டி மாட்டுக்குக் கட்டினோம்.

ஆள் ஏறுவதற்கென்றே செய்த கயிற்றில் ஈ.என். 1891 என்ற ஐரோப்பியத் தரக் குறி இருக்கும். அதில் 'ஏ' வகைக் கயிறு 22 கிலோநியூட்டன் இழுப்பைத் தாங்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 2,200 கிலோ எடை. அதோடு இடுப்புப் பட்டை, தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கிகள், ஹெல்மெட். விலை கூடுதல்தான். நாங்கள் நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு செட் வாங்கினோம். வாங்கியபின் கயிற்றை வெயிலில் போடாதீர்கள், பம்புசெட் அறையில் பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அமிலம் பட்ட நைலான் வெளியே தெரியாமல் செத்துப்போகும்.

மரத்துக்குக் காயம் ஆகாதா?

ஆகும், கவனமில்லாவிட்டால். கயிறு ஒரே இடத்தில் உரசினால் பட்டை தேய்ந்து அடியில் உள்ள வளரும் அடுக்கு கிழியும். அதனால் கயிறு படும் இடத்தில் தோல் உறை போடுகிறோம். தொடக்கத்தில் பழைய சாக்கை மடித்துப் போட்டோம், அது நகர்ந்துவிடும். ஆணி, இரும்பு முள் வைத்த பூட்ஸ் எதுவும் கூடாது. மழைக்குப் பின் பட்டை ஊறியிருக்கும்போது ஏறினால் சீக்கிரம் உரியும். ஒரே மரத்தைச் சுற்றி நாங்கள் மிதித்து மிதித்து மண் இறுகிப்போனதைச் சித்தப்பாதான் காட்டினார். இப்போது மரம் மாற்றி மாற்றி ஏறுகிறோம், அடியில் சருகைக் கூட்டாமல் விடுகிறோம்.

எறும்பு, தேனீ, பாம்பு?

முசுறுதான் முதல் எதிரி. மாவிலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருந்தால் அந்தக் கிளையை அதற்கே விட்டுவிடுங்கள். பெரிய தட்டு போலத் தொங்கும் மலைத்தேனீக் கூடோ கதண்டுக் கூடோ இருந்தால் அந்தத் தோப்பிலேயே அன்றைக்கு ஏற வேண்டாம். கையைப் பொந்துக்குள் விடாதீர்கள். எங்கள் மாமரப் பொந்தில் புள்ளி ஆந்தை ஒரு ஜோடி இருக்கிறது. பகலில் தலையை நீட்டி ஆட்டிப் பார்க்கும். அந்தப் பக்கக் கிளை எங்களுக்குக் கிடையாது என்று முடிவு செய்துவிட்டோம்.

எந்தக் காலம் நல்லது?

தை முதல் பங்குனி வரை, காலை வேளை. சித்திரை, வைகாசியில் சாயங்கால இடிமழை வரும், பதினொரு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். ஆனி முதல் ஆவணி வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேல்காற்று அடித்துத் தள்ளும். கயத்தாறிலும் பணகுடியிலும் காற்றாலைகள் நிற்பது அதற்காகத்தானே. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது கிளை எம்மாத்திரம். அந்த மாதங்களில் கீழே உட்கார்ந்து முடிச்சுப் பழகுகிறோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழை, பட்டை வழுக்கும்.

பொம்பளைப் பிள்ளைகள் மரம் ஏறலாமா?

ஏறலாம். எங்கள் குழுவில் பாதிக்கு மேல் பெண்கள். எங்கள் ஆச்சி முதலில், "கல்யாணமாகிப் பிள்ளை பெத்தவ மரத்துல தொங்குதாளே" என்று வருத்தப்பட்டார்கள். மூன்றாவது மாதம் தோப்புக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார்கள். தான் பன்னிரண்டு வயதில் கடைசியாக ஏறிய இலுப்பை எங்கே நின்றது என்று அன்றைக்குத்தான் சொன்னார்கள். எழுபது வருடம் அதை யாரிடமும் சொன்னதில்லை. தொளதொளவென்ற துப்பட்டா, சங்கிலி, மோதிரம் இல்லாமல் வாருங்கள். மோதிரம் கிளையில் மாட்டினால் விரலே போய்விடும், ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பேய், சாமி மரம் பற்றி?

இருட்டியபின் ஏறுவதில்லை, அதனால் புளியமரத்துப் பேயைப் பற்றிப் பேச எங்களுக்கு வேலையில்லை. சாஸ்தா கோயில், சுடலைமாடன் கோயில் மரங்களில் ஏறமாட்டோம். யாரும் கை வைக்காததால்தான் அந்த மரங்கள் அந்தப் பருமனுக்கு வந்திருக்கின்றன. அதை நாம் கெடுக்க வேண்டாம்.

களக்காடு, முண்டந்துறைக் காட்டில் போய் ஏறலாமா?

கூடாது. அது 1988-ல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதல் காப்பகம். வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போவதே குற்றம். கக்காச்சியில் ஏறியவர்கள் அனுமதியோடு, ஆராய்ச்சிக்காக ஏறியவர்கள். சாலையோர மரமும் புறம்போக்கு மரமும் நம்முடையவை அல்ல. சொந்தத் தோப்பு, அல்லது உரிமையாளர் வாய்நிறையச் சரி என்று சொன்ன தோப்பு, அவ்வளவுதான்.

பறவைகள் கூடு வைத்த மரமும் அப்படியே. கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்தில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குஞ்சு பொரிக்க, ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் பிள்ளைப்பேறு போலப் பார்த்துக்கொள்கிறார்கள். 1994-ல் சரணாலயமாக அறிவிப்பதற்கு எவ்வளவோ முன்பிருந்தே அப்படித்தான். திருப்புடைமருதூரில் நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றிய மருத மரங்களில் அடையும் பறவைகளுக்காக ஊரே முன்வந்ததால் 2005-ல் அந்த இடம் நாட்டின் முதல் பாதுகாப்பு ஒதுக்கிடம் ஆனது. அங்கெல்லாம் அண்ணாந்து பார்ப்பதுதான் மரியாதை.

யாராவது விழுந்துவிட்டால்?

தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் படுக்க வைத்தபடியே 108-ஐ அழையுங்கள். தோப்புக்கு ஆம்புலன்ஸ் வரும் வழி எது என்று ஏறுமுன்பே எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் ரோட்டுக்குப் போய் நிற்க வேண்டும்.

மேலே போய் என்னதான் செய்வீர்கள்?

இருபது நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருப்போம். போன் கீழே சித்தப்பாவின் கூடையில். எதையும் பறிப்பதில்லை, பழுத்த மாம்பழம் கன்னத்தில் இடித்தாலும்.

முதல் ஐந்து நிமிடம் மரம் ஊமையாக இருக்கும். நாம் ஏறிய அரவத்தில் எல்லாம் ஓடிப்போயிருக்கும். அப்புறம் அணில் ஒன்று தலைகீழாக இறங்கி வந்து, நம்மைப் பார்த்து, வாலை வெட்டி வெட்டிக் கத்தும். கத்தி முடித்ததும் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். குக்குறுவான் எங்கோ பாத்திரம் தட்டுவது போல டொக் டொக் என்று தொடங்கும். பட்டையின் வெடிப்பில் எறும்பு போகும் பாதை தெரியும். தரையிலிருந்து பார்த்தபோது ஒரே பச்சையாக இருந்த மரத்துக்குள் தளிர், கிழடு, பூச்சி தின்றது, சிலந்தி சுருட்டியது என்று ஒவ்வோர் இலையும் தனித்தனியாகத் தெரியும். தை கடைசியில் மாம்பூ மணம் தலையைச் சுற்ற வைக்கும்.

எனக்கு முக்கியம் அசைவுதான். காற்று வரும்போது தண்டில் சாய்ந்திருக்கும் முதுகில் அது தெரியும். அடிமரம் கல்போல நிற்கும் என்று நினைத்திருந்தோம். இருபதடி உயரத்தில் அது மெல்லச் சாய்ந்து மெல்லத் திரும்புகிறது. மூச்சு தன்னால் அதோடு சேர்ந்துகொள்கிறது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் என் அத்தான் ஒருவர், தூக்கம் வராமல் தவிக்கிறவர், அந்தக் கிளையில் கண்ணை மூடியபடி இருந்துவிட்டு இறங்கி, "இவ்வளவு நேரம் நான் எதையும் யோசிக்கல" என்றார். அதை மருந்து என்று சொல்லமாட்டேன். அவர் அதன்பின் ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

மருதத்தில் உயரப் போனால் மேற்கே பொதிகை தெரியும். அடியில் பிசான நெற்பயிர் பச்சையாக இருக்கும், அல்லது அறுவடை முடிந்து கொக்கு இறங்கியிருக்கும். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நிற்கும் பனைகளின் ஓலைக்கு அடியில் பனை உழவாரன்கள் நுழைந்து நுழைந்து வெளியே பாயும். எச்சிலால் ஓலையோடு ஒட்டி அவை கூடு வைக்கும். தரையில் நின்றால் அது வானத்தில் ஓடும் ஒரு கோடு. மேலே நம் கண்மட்டத்தில், சிறகு வெட்டும் சத்தத்தோடு போகும்.

எப்போதும் அதே ஒன்பது மரம்தானே, சலிக்காதா?

வாய்க்கால் ஓரத்து மாமரத்தில் தெற்கே நீளும் மூன்றாவது கிளையில்தான் நான் எப்போதும் உட்காருவேன். ஏழு வருடமாகிறது. முதல் வருடம் காலைத் தொங்கவிட்டால் கீழே இருந்த இளங்கொம்பு குதிங்காலை உரசும். இப்போது அந்தக் கொம்பு பாதத்தைத் தாங்கும் அளவுக்குப் பருத்துவிட்டது. போன மாசியில் முதல் தடவையாக அதில் பூ வந்தது.